கறள் தின்ற எம்ஜிபி: தொழிற்சாலை பூட்டின பிறகும் ஓடுகிற கார்

ஒரு கார்த் தொழிற்சாலையை மூடினால் அந்தக் காருக்கு என்ன நடக்கும்? வழமையாக ஒரு பதினைந்து, இருபது வருஷத்தில் ரோட்டில் காணக் கிடையாது. மிச்சம் பழைய இரும்புக் கடையில முடியும். பிரித்தானியாவின் எம்ஜிபி எண்ட ஸ்போர்ட்ஸ் காருக்கு அப்படி நடக்கேல்ல. 1980 இல் தொழிற்சாலை பூட்டப்பட்டது. 1988 இல் அதே காருக்குப் புத்தம் புதிய உடற்கூடு செய்து விக்கத் தொடங்கினார்கள். இதற்குக் காரணம் காரைச் செய்த கொம்பனி இல்ல. வீட்டுக் கராஜில் கறள் சுரண்டிக்கொண்டிருந்த ஆக்கள்தான்.

எம்ஜி எண்டால் மொறிஸ் கராஜஸ். வில்லியம் மொறிஸ் ஒக்ஸ்போர்டில் நடத்திய கார் விற்பனை, திருத்துநிலையத்தின் பெயர் அது. அங்கே முகாமையாளராக இருந்த செசில் கிம்பர், 1920களில் சாதாரண மொறிஸ் கார்களுக்கு வேற உடல் போட்டு, வேகமாக ஓடுற கார்களாக மாற்றினார். 1929 இல் எம்ஜி பக்கத்திலிருந்த அபிங்டன் எண்ட சிறிய ஊருக்கு இடம் மாறியது. அங்கிருந்து 1962 இல் வந்ததுதான் எம்ஜிபி. இரண்டு பேர் இருக்கிற திறந்த கார். 1798 சிசி எஞ்சின். எஞ்சினில் பெரிய புதுமை ஒண்டும் இல்ல. அதே கொம்பனியின் குடும்பக் கார்களில் இருந்த வகைதான். அதனால் விலையும் பெரிசில்ல, திருத்துறதும் சுகம். 18 வருஷத்தில் 5 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குப் போனது.

ஆனால் அதற்கு ஒரு எதிரி இருந்தது: கறள். முந்தைய எம்ஜிஏ காருக்குக் கீழே தனியாக ஒரு இரும்புச் சட்டம் இருந்தது. உடல் அதற்கு மேல் பூட்டப்பட்டது. எம்ஜிபியில் அந்தச் சட்டம் இல்ல. உடல்தான் முழுப் பாரத்தையும் தாங்கவேணும். அதுவும் கூரை இல்லாத காரில் அந்தப் பாரம் பெரும்பாலும் கதவுகளுக்குக் கீழே, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் ஓடுகிற வெற்றுப் பெட்டி போன்ற பகுதியில்தான் வந்து விழும். மாரி காலத்தில் பனி உருகுறதுக்காக பிரித்தானிய ரோட்டுகளில் உப்புப் போடுவார்கள். உப்புத் தண்ணியும் சேறும் அந்தப் பெட்டிக்குள் போய்த் தங்கும். கறள் உள்ளே இருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியில் பெயின்ற் கொப்பளிக்கிறது தெரியேக்க, உள்ளே தகரமே இருக்காது. அங்கே வருடாந்தப் பரிசோதனையில் சித்தியடையாத கார் ரோட்டுக்கு வரேலாது. பாரம் தாங்குற இடத்தில் கறள் எண்டால் பெயில்தான். எஞ்சின் நல்லா ஓடுற எத்தனையோ கார்கள் இப்படித்தான் இரும்புக் கடைக்குப் போயின.

கராஜில் காசு குடுத்துச் செய்தால் காரின் விலையை விடச் செலவு கூட. ஆகவே ஆக்கள் தாங்களே செய்யப் பழகினார்கள். இதுக்கு முன்னோடியாக ஒரு கதை இருக்கு. 1965 இல் பிரித்தானிய விமானப்படையில் ஏடனில் வேலைசெய்த ஜோன் ஹெய்ன்ஸ், தன்னுடைய நண்பர் ஒருவரின் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற் காரைத் திருத்த உதவினார். அதுவும் அபிங்டனில் பூட்டப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்தான். கொம்பனி வெளியிட்ட கையேடு சாதாரண ஆளுக்கு விளங்காது எண்டு கண்ட ஹெய்ன்ஸ், கழற்றிப் பூட்டுற ஒவ்வொரு படியையும் படம் பிடித்தார். அடுத்த வருஷம் அது முதலாவது ஹெய்ன்ஸ் கையேடாக வந்தது. 1973 இல் எம்ஜி உரிமையாளர் கழகம் தொடங்கியது. 1982 இல் எம்ஜிபியை வீட்டிலேயே மீளமைக்கிறதுக்கான லின்ட்சி போர்ட்டரின் புத்தகத்தை ஹெய்ன்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. வீட்டுக் கரண்டில் வேலை செய்யிற சின்ன வெல்டிங் மெசின்களும் அந்தக் காலத்தில்தான் பரவலாக வந்தன.

புத்தகம் ஏன் தேவைப்பட்டது எண்டதுக்கு ஒரு உதாரணம். கறள் பிடித்த அந்தக் கதவடிப் பெட்டியை நேராக வெட்டி எடுத்தால், கார் நடுவில் தொய்ஞ்சு போகும். புதுத் தகரத்தை ஒட்டின பிறகு கதவு பூட்டுப்படாது. ஆகவே வெட்டமுதல் கதவு வாசலுக்குக் குறுக்காக இரும்புக் கம்பி ஒட்டி இறுக்கவேணும். ஒரு பக்கம் முழுக்க முடிச்சிட்டுத்தான் மற்றப் பக்கம் தொடலாம். ஒட்டுறதுக்கு முதல் கதவைப் போட்டுப் பூட்டிப் பார்க்கவேணும். இது தெரியாமல் கை வைத்தால் கறளை விட நாங்களே காரைக் கூடக் கெடுத்துவிடுவம்.

இதற்கிடையில் தொழிற்சாலையில் என்ன நடந்தது? 1979 செப்ரெம்பரில் அபிங்டனில் எம்ஜியின் 50 வருஷ விழா நடந்தது. விழா முடிந்த கையோடு, 10 ஆம் திகதி திங்கட்கிழமை, உரிமையாளரான பிரிட்டிஷ் லேலண்ட் அங்கே எம்ஜி உற்பத்தியை நிப்பாட்டப் போவதாக அறிவித்தது. பவுணின் பெறுமதி ஏறியதால் அமெரிக்காவில் விக்கிற ஒவ்வொரு காருக்கும் நட்டம் எண்டது சொல்லப்பட்ட காரணம். 1980 ஒக்ரோபரில் கடைசி எம்ஜிபி வெளியே வந்தது.

ஆனால் பழைய கார்களைத் திருத்துற ஆக்கள் தொடர்ந்து தகரம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தகரத்தை அழுத்தி வடிவம் குடுக்கிற பழைய அச்சுகள் பல எறியப்படாமல் இருந்தன. பிரிட்டிஷ் மோட்டர் ஹெரிற்றேஜ் எண்ட நிறுவனம் அவற்றைத் தேடிச் சேர்த்து, பரிங்டன் எண்ட இடத்தில் முழு உடற்கூட்டையும் திரும்பச் செய்தது. உங்கட கறள் பிடித்த காரிலிருந்து எஞ்சின், சில்லு, இருக்கை எல்லாத்தையும் கழற்றிப் புதுக் கூட்டில் பூட்டலாம். அதே வகைக் கூடு எண்டால் பழைய பதிவு இலக்கத்தையும் வைத்திருக்கலாம். இந்தக் கூட்டை அடிப்படையாக வைத்து 1992 இல் எம்ஜி ஆர்வி8 எண்ட புதிய காரே வந்தது. ஏறத்தாழ 2,000 கார்கள். பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின.

இங்கதான் எங்களுக்கு ஒரு கேள்வி வருது. கார் திரும்பி வந்தது. அபிங்டனில் வேலை இழந்த ஆக்களுக்கு அந்த வேலை திரும்பி வரேல்ல. கண்காட்சிகளில் மினுங்குற கார்களைப் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கதை தெரியாமலே போகலாம். ஆனபடியால் மீளமைப்பை வெறும் பழம்பெருமை எண்டு விட்டிடலாமா? நாங்கள் அப்படி நினைக்கேல்ல. கொம்பனி கைவிட்ட அறிவை ஆக்கள் எழுதி, படம் பிடிச்சு, ஆளுக்காள் குடுத்து வைத்திருந்தார்கள். அதனால்தான் அச்சுகளுக்குத் திரும்பவும் வேலை வந்தது.

இந்தக் கதையில் எங்கட நாட்டுக்கும் ஒரு சின்ன இடம் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர், புதுக் கார் வாங்குறதை விடப் பழையதைத் திருத்தி ஓடுறது லாபம் எண்டு வாதாடினவர். அந்தக் கார்களுக்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்விக்கும் முயற்சி 1990களில் நடந்தது. அதே பத்தாண்டில், பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், பழைய மொறிஸையும் ஒஸ்ரினையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்கள் எங்கட மெக்கானிக்மார். எம்ஜிபிக்குக் கையேடு இருக்கு. அவர்கள் கண்டுபிடிச்ச வழிகளுக்கு எங்க கையேடு? அந்தத் தலைமுறையில் பலர் இப்பவும் கராஜில்தான் நிக்கினம். ஹெய்ன்ஸிடம் இருந்தது ஒரு கமெராவும் பொறுமையும்தான். கமெரா இப்ப எல்லாற்ற கையிலயும் இருக்கு.