விடிலியும் முத்துப் பட்டணமும்

எங்க ஊருல மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போடுற சாய்ப்பு இதெல்லாம் கொத்தனார் வச்சுக் கட்டுறது கிடையாது. கால் நட்டு, விட்டம் தூக்கி, ஓலை வேய்ஞ்சா முடிஞ்சது. காட்டுல வேலை இல்லாத நாளாப் பாத்து நாமளே செஞ்சுக்கிடலாம். டவுன்ல இருக்கிறவங்க இதை ஏழைபாழை போட்டுக்கிற குடிசைன்னு நினைக்காங்க. ஆனா இந்தக் கடற்கரையோட ரெண்டு பெரிய தொழில், முத்தும் கருப்பட்டியும், இந்தக் கால் நட்ட கொட்டகைக்குள்ளதான் நடந்திருக்கு.

முத்துக்குளிப்பு எல்லா வருசமும் நடக்காது. பார்ல சிப்பி விளைஞ்சிருக்கான்னு ஆள் இறக்கிப் பாத்துட்டு சர்க்கார் அறிவிச்சாத்தான் உண்டு. நடுவுல இருபது வருசத்துக்கு மேல நடக்காமக் கிடந்ததும் உண்டு. அப்படி இருக்கையில யாரு கல்லுக் கட்டடம் கட்டுவா? அறிவிப்பு வந்ததும் வெறும் மணல்ல கம்பும் ஓலையுமா ஒரு பட்டணமே எழும்பிரும். கடை, கச்சேரி, ஆஸ்பத்திரி எல்லாம் ஓலைதான். எதிர்க்கரையில மன்னார் பக்கம் மரிச்சுக்கட்டியில 1903-லேருந்து 1907 வரைக்கும் பெரிய குளிப்பு நடந்துச்சு. தூத்துக்குடி பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் தோணி தோணியாப் போனாங்க. 1906-ல அங்க கொட்டு மேற்பார்வைக்கு வந்த இளம் அதிகாரி லெனார்டு வுல்ஃப், பின்னால லண்டன்ல பேர் பெற்ற எழுத்தாளர். கொட்டுங்கிறது வேலி அடைச்ச பெரிய பட்டி மாதிரி. சிப்பிய அங்க குவிச்சுப் பங்கு வைப்பாங்க. மூணுல ரெண்டு பங்கு சர்க்காருக்கு, ஒண்ணு குளிச்சவங்களுக்கு. மூச்சடக்கி முங்கினவனுக்கு ஒரு பங்குதானான்னு எனக்கு இன்னும் ஆறல.

அதுக்கு நூறு வருசம் முன்னாடி, பக்கத்து அரிப்புல கவர்னர் நார்த் துரை குளிப்பைப் பாக்கதுக்குன்னே பெரிய செங்கல் மாளிகை கட்டினாரு. இப்ப அது இடிஞ்சு, கடல் அரிச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் கீழ விழுது. தூத்துக்குடியில கடைசிக் குளிப்பு 1955-க்கும் 1961-க்கும் நடுவுல. அதோட முத்துக்கான ஓலைப் பட்டணமும் போச்சு.

கருப்பட்டிக் கொட்டகைக்கு எங்க பக்கம் பேரு விடிலி. உடன்குடி, சாத்தான்குளம் தேரிப் பக்கம் பதனீர் சீசன் வந்தா பனையேறி குடும்பத்தோட விளையிலயே போயித் தங்குவாரு. பொம்பளைங்க பதனீர் காய்ச்சுறதும் அதுக்குள்ளதான். சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி கிடைக்கிற சில நாள்ல குடும்பமே சேர்ந்து போட்டு முடிச்சிரும். இடையன்குடியில கால்டுவெல் ஐயர் கட்டின கோயில் 1880-ல முடிய 33 வருசம் ஆச்சு. அதுவும் கட்டடம், இதுவும் கட்டடம்.

போடுறதுல விசயம் இருக்கு. கவை உள்ள உடைமரக் கம்பு கிடைச்சா விட்டத்தைக் கவையில தூக்கி வச்சிரலாம், ஆணி வேண்டாம். கட்டுறதுக்குப் பனை நார். காலோட அடிப்பக்கத்தைத் தீயில கருக்கி நட்டா கறையான் சீக்கிரம் அண்டாது. தேரி மணல் காலைப் பிடிக்காது, ரெண்டு முழத்துக்கு மேல தோண்டி, சரளை போட்டு இடிக்கணும். மேக்குப் பக்கம் கூரையைத் தாழ்த்தி இறக்கணும். இல்லைன்னா ஆனி, ஆடிக் கச்சான் காத்து அப்படியே தூக்கிட்டுப் போயிரும். கைமரத்துக்கு முத்தின பனைதான் வேணும். பனையில வைரம் வெளியில, உள்ள இருக்கிறது வெறும் சோறு. வடலியா இருந்தா வைரமே இருக்காது, அறுபது எழுபது வருசம் நிக்கணும். டச்சுக்காரன் காலத்துலயே யாழ்ப்பாணத்துப் பனை மரம் கப்பலேறி விலைக்குப் போயிருக்குன்னா அதோட மதிப்பைப் பாத்துக்கிடுங்க.

அப்படிப்பட்ட மரத்தைத்தான் நாம செங்கல் சூளைக்கு விறகா வித்தோம். லாரி லாரியாப் போச்சு. 2021 வேளாண் பட்ஜெட்ல, பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு அறிவிச்சாங்க, 76 லட்சம் பனை விதையும் அறிவிச்சாங்க. நல்லதுதான். ஆனா இன்னைக்கு ஊனுற விதை கைமரமாக எம் பேரனுக்கே வயசாயிரும். சும்மா கிடைச்ச மரம் இல்லாமப் போனதால, சொந்தக் கையால கொட்டகை போடுறதும் நின்னு போச்சு. இப்ப எல்லாரும் இரும்புப் பைப்பும் தகரமும்தான். வெல்டிங் கடைக்காரர் வந்தாத்தான் வேலை நடக்கும், கடன் வாங்கணும், சித்திரை வெயில்ல மாடு அதுக்குள்ள நிக்காது.

2023 டிசம்பர் மழையில காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்டப் பெய்ஞ்சது. எங்க வீட்டுப் பக்கத்து மண் சுவரு கரைஞ்சு உக்காந்துட்டு. கொட்டகைக்குச் சுவரே கிடையாதே, தண்ணி உள்ள புகுந்து வெளிய போச்சு, கால் அசையல. ஓலை மட்டும் பாதி போச்சு. அதைச் சரி பண்ணையில பக்கத்து ஊருல பழைய ஓட்டு வீடு ஒண்ணு இடிச்சாங்க. அங்க இருந்து எட்டுப் பனங்கை விலைக்கு வாங்கினேன். எங்க தாத்தா வயசு இருக்கும். அரிவாளால தட்டிப் பாத்தேன், கல்லு மாதிரி ‘ணங்’குன்னு கேட்டுச்சு. தை அறுப்பு முடிஞ்சு, சாயங்காலம் சாயங்காலம் நானும் மச்சானுமா மேல ஏத்தினோம், பதினஞ்சு நாள் ஆச்சு. இன்னும் கிழக்குப் பக்கம் ஓலை வேயணும். வெட்டுன ஓலை முத்தத்துல பரத்திக் காயுது.