கடை மேசையில் கடனட்டை இயந்திரம்: வசதி யாருக்கு, செலவு யாருக்கு?

2006 ஓகஸ்ட் மாதம் முகமாலையில் ஏ9 வீதி மூடப்பட்டபோது, யாழ்ப்பாணத்து வர்த்தகம் கப்பலில் வந்த பொருட்களையும் கையிலிருந்த காசையும் நம்பியே நடந்தது. வன்னியிலோ வங்கி அட்டை என்பது பலர் கண்டிராத பொருள். போர் முடிந்த பின்னர் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வங்கிக் கிளைகள் திறக்கப்பட்டன. இன்று நகைக்கடை, புடவைக்கடை, உணவகம் என்று பல இடங்களில் கடனட்டை இயந்திரம் மேசைமேல் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் புலம்பெயர் உறவுகள் பலர் காசுக்கட்டோடு வருவதில்லை, அட்டையோடு வருகிறார்கள்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் கடைக்காரர். போருக்குப் பின் கடன்பட்டுத் தொழில் தொடங்கிய சிறு வர்த்தகர்கள் அந்த விலையைக் கணக்குப் பார்த்தே இயந்திரத்தைப் பெற வேண்டும்.

எப்படித் தொடங்கியது?

1950 இல் நியூயோர்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டை அறிமுகமானது. அட்டைக்குச் சாப்பாடு கொடுத்த உணவகங்கள் ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் 7 வீதத்தை அந்நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்தன. 1958 இல் பாங்க் ஒப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரத்தில் ஏறத்தாழ 60,000 பேருக்குக் கேட்காமலே தபாலில் அட்டைகளை அனுப்பியது. அந்த அட்டைதான் 1976 இல் விசா என்று பெயர் மாறியது. வாங்குபவருக்குக் கடன், விற்பவருக்குக் கட்டணம் என்ற அடிப்படை அன்று போலவே இன்றும் தொடர்கிறது.

பணம் எந்த வழியால் வருகிறது?

வாடிக்கையாளர் 10,000 ரூபாவுக்குப் பொருள் வாங்கி அட்டையைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தைத் தந்த வங்கி, விசா அல்லது மாஸ்டர்காட் வலையமைப்பின் ஊடாக அட்டையை வழங்கிய வங்கியிடம் அனுமதி கேட்கிறது. அனுமதி கிடைத்ததும் சிட்டை வெளிவருகிறது. பணம் உடனே வருவதில்லை. வங்கியைப் பொறுத்து அடுத்த வேலைநாளோ அதற்குப் பின்னரோ கணக்கில் விழும்.

அப்படி விழும்போது முழுத்தொகையும் இருக்காது. கட்டணம் 3 வீதம் என்றால் 9,700 ரூபாவே வரும். கழிக்கப்பட்ட 300 ரூபாவை அட்டை வழங்கிய வங்கி, வலையமைப்பு, இயந்திரம் தந்த வங்கி ஆகிய மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்த வியாபாரத்தில் இலாபம் 800 ரூபா என்றால் மிஞ்சுவது 500 ரூபா. பெருங்கடை அதைத் தாங்கும். அரிசி, சீனி போன்ற குறைந்த இலாபப் பொருட்களை விற்கும் பலசரக்குக் கடைக்கு அது பெரிய அடி.

இதனால்தான் சில கடைகளில் “காட் என்றால் 3 வீதம் கூட” என்கிறார்கள். இது வங்கியோடு கடைக்காரர் செய்த ஒப்பந்தத்துக்கு முரணானது. இவ்வாறு மேலதிகமாக அறவிட்டால் தமது வங்கிக்கு முறையிடுமாறு மத்திய வங்கி பொதுமக்களைக் கேட்டிருக்கிறது.

கியூஆர் என்ற மாற்று வழி

இலங்கை மத்திய வங்கி 2018 இல் லங்காகியூஆர் என்ற தேசிய நியமத்தைக் கொண்டுவந்தது. இதற்கு இயந்திரம் தேவையில்லை. அச்சிட்ட ஓர் அட்டை போதும். வாடிக்கையாளர் கைத்தொலைபேசியால் படம்பிடித்துச் செலுத்துவார். கட்டணமும் கடனட்டையை விடக் குறைவு. 2024 பெப்ரவரியில் இந்தியாவின் யூபிஐ முறையும் இதனோடு இணைக்கப்பட்டதால், இந்தியாவிலிருந்து வருவோரும் இதனூடாகச் செலுத்தலாம். ஆனால் கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் உறவினர் பெரும்பாலும் அட்டையைத்தான் நீட்டுவார். எனவே உங்கள் வாடிக்கையாளர் யார் என்பதே எது தேவை என்பதைத் தீர்மானிக்கும்.

வெளியே நிற்பவர்கள்

இயந்திரம் பெற வங்கிகள் பொதுவாக வணிகப் பெயர்ப் பதிவும் வங்கிக் கணக்கும் கேட்கும். பதிவைப் பிரதேச செயலகத்தின் ஊடாகச் செய்யலாம். இடப்பெயர்வுகளில் ஆவணங்களைத் தொலைத்தவர்களுக்கும், வீட்டிலிருந்தே ஒடியல் மா, மிளகாய்த்தூள், தையல் என்று தொழில் செய்யும் பெண்களுக்கும் தடை இங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் முதலில் பதிவை முடிப்பது நல்லது. வங்கிக் கணக்கினூடாக நடக்கும் விற்பனை ஒரு பதிவாக நிற்கும். நாளை கடன் கேட்கும்போது “வியாபாரம் நடக்கிறது” என்பதற்கு அது சாட்சி. அந்தச் சாட்சி இல்லாமையும் பலரை அதிக வட்டி வாங்கும் நுண்கடன் நிறுவனங்களின் வாசலுக்கு அனுப்பிய காரணங்களில் ஒன்று.

கையெழுத்திட முன் கேட்க வேண்டியவை

• உள்ளூர் அட்டைக்கும் வெளிநாட்டு அட்டைக்கும் கட்டணம் தனித்தனியாக எத்தனை வீதம்?
• இயந்திரத்துக்கு மாத வாடகை உண்டா? குறைந்தபட்ச விற்பனை நிபந்தனை உண்டா?
• பணம் எத்தனை நாளில் கணக்குக்கு வரும்?
• வாடிக்கையாளர் பின்னர் “நான் வாங்கவில்லை” என்று முறையிட்டால் பணம் திருப்பி எடுக்கப்படுமா? அதற்கு எந்தச் சிட்டையை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?
• ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் தண்டப்பணம் உண்டா?

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கும்படி வங்கி அலுவலரிடம் கேளுங்கள். விளங்காத தாளில் கையெழுத்திட்டதால் வந்த இழப்புகளை எங்கள் மக்கள் போதுமான அளவு கண்டுவிட்டார்கள்.