நெல்லுச்சோறும் காலிஃப்ளவர் சோறும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஐந்து மாதமாக எங்கள் வீட்டில் மதியம் காலிஃப்ளவர் சோறு. அம்மாவுக்கு வயது 86, இருபது வருடமாகச் சர்க்கரை. அரிசியைக் குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் முதலில் செய்தது காலிஃப்ளவர் இல்லை, கம்பஞ்சோறு. நம் மண்ணின் உணவு, இப்போது எல்லோரும் கொண்டாடுகிறார்களே என்று ஆசையாக ஆக்கி வைத்தேன். தட்டைப் பார்த்ததும் அம்மா கையை எடுத்துவிட்டாள்.

“கம்பையும் குதிரைவாலியையும் தின்னுதான் வளர்ந்தோம். சாகப்போற காலத்துலயும் அதையாட்டி போடுவ?”

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வரவில்லை.

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. மழையை நம்பிக் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி. அம்மா விடியுமுன் கம்பில் தண்ணீர் தெளித்து உரலில் போட்டு இடிப்பாள். உமி போகப் புடைத்து, மறுபடி இடித்து, சலித்து, பிறகுதான் உலை. ஆக்கின சோற்றை உருட்டித் தண்ணீரில் போட்டுவிட்டால் மறுநாள் காலையில் மோர் ஊற்றிக் கரைத்துக்கொள்ளலாம். இடித்து இடித்து அவள் உள்ளங்கையில் காய்ப்புத் தட்டியிருந்தது. கம்பு என்றால் நமக்குச் சத்து. அவளுக்கு அந்தக் காய்ப்பு.

அரிசிச் சோற்றுக்கு எங்கள் ஊரில் தனிப் பெயர் உண்டு: நெல்லுச்சோறு. பொங்கல், தீபாவளி, கல்யாணம், வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால் நெல்லுச்சோறு. வெறும் ‘சோறு’ என்றால் அது கம்போ சோளமோதான். இது ஒரு விசேஷமான சொல் என்பதே எனக்குத் தெரியாது. ஆசிரியர் பயிற்சி விடுதியில் சேர்ந்த முதல் நாள் சாப்பாட்டு வரிசையில், “இங்க தினமும் நெல்லுச்சோறா?” என்று கேட்டுவிட்டேன். தாமிரபரணிக் கரையிலிருந்து வந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “சோறுன்னாலே நெல்லுதானடி!” ஒரே மாவட்டம்தான். அவர்கள் ஆற்றங்கரை, நாங்கள் மானாவாரி. அந்த ஒரு சொல்லில் இரண்டு பக்கத்துப் பொருளாதாரமும் தெரிந்துவிட்டது. எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. இப்போது யோசித்தால், சோறு என்றால் ஒரே தானியம்தான் என்று நினைத்திருந்த அவர்களுக்குத்தான் தமிழ் கொஞ்சம் குறைவு.

அரிசிக்காக இந்த நாடு பட்ட பாடு கொஞ்சமில்லை. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றது. பிறகு ரேஷன், கட்டுப்பாடு. 1952இல் ராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார். 60களின் நடுவில் மறுபடி பஞ்சம், பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை. சாஸ்திரி வாரம் ஒருவேளை உணவை விடச் சொன்னார். 1967 தேர்தலில் “ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்” என்றது தி.மு.க. அந்தத் தேர்தலில் எதற்காக ஓட்டுப் போட்டாய் என்று கேட்டால் அம்மா இன்றும், “அரிசிக்குத்தான்” என்பாள். ஜெயித்தபின் படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது; எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. அதே காலத்தில் ஏ.டி.டி. 27, ஐ.ஆர். 8 என்று புதுநெல் வந்து விளைச்சல் கூடியது. ரேஷன் கடை கிராமத்துக்கு வந்தது. கிலோ 2 ரூபாய் 2006இல், 1 ரூபாய் 2008இல், 2011இல் இலவசம். கம்பு இடித்த கை உரலை ஓரங்கட்டியது. அம்மா தலைமுறைக்கு அது விடுதலைதான், சந்தேகமே இல்லை.

அப்படிப் பெற்ற அரிசியை இப்போது தட்டிலிருந்து எடு என்றால் எப்படி எடுப்பாள்?

சர்க்கரைக்குக் கம்பு நல்லதுதானே என்பீர்கள். நார்ச்சத்து உண்டு, உண்மை. ஆனால் கம்பிலும் மாவுச்சத்து அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அளவில்லாமல் சாப்பிடலாம் என்று நினைப்பது தவறு.

காலிஃப்ளவருக்கு வந்ததற்குக் காரணம் வேறு. அதற்கு எங்கள் வீட்டில் பழைய கதை எதுவும் கிடையாது. மத்தியதரைக் கடல் பக்கத்துக் காய், முட்டைக்கோஸின் உடன்பிறப்பு. 1822இல் சகாரன்பூரில் கம்பெனித் தோட்டத்தில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து பயிரிட்டார்கள். நான் அதை முதலில் கண்ணால் பார்த்ததே வேலைக்குப் போன பிறகு மதுரையில்தான். அம்மாவுக்கு அது ‘பணக்காரக் காய்’. அதைச் சோறாக்கிப் போட்டால் மறுக்கவில்லை!

செய்முறை கேட்டவர்களுக்கு: பூவைப் பெரிய துண்டுகளாகப் பிரித்து, மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம் வையுங்கள், புழு இருந்தால் வந்துவிடும். பிறகு துணியில் பரப்பி நன்றாக ஈரம் போகவிடுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஈரத்தோடு துருவினால் கூழ். கேரட் துருவியின் பெரிய கண்ணில் துருவுவது நல்லது. மிக்ஸி என்றால் விட்டுவிட்டு ஒரு சுற்று, இரண்டு சுற்று, போதும். அகலமான வாணலியில் ஒரு ஸ்பூன் எண்ணெய், நல்ல தீ, மூடி போடக்கூடாது, தண்ணீர் தெளிக்கவே கூடாது. ஐந்தாறு நிமிடம் கிளறி இறக்கும்போது உப்பு. முதலிலேயே உப்புப் போட்டால் நீர் விட்டுவிடும். சாம்பார் ஊற்றிப் பிசைய இது ஆகாது, சேறாகிவிடும். எலுமிச்சை, தேங்காய், மிளகு தாளித்தால் தட்டில் உதிரியாக நிற்கும்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும், முக்கியமாக அதற்காகத்தான் இந்தப் பதிவு. மூன்றாம் நாள் மதியம் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. வீட்டுக் கருவியில் பார்த்தால் 58. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. 100 கிராம் அரிசிச் சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். அதே எடைக் காலிஃப்ளவரில் 5. சோற்றை எடுத்துவிட்டேன், சர்க்கரையை இறக்கும் மாத்திரையை அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் அவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார், அரிசியையும் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம் என்றார். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வீட்டில் யாராவது இதைத் தொடங்கினால், முதலில் டாக்டர், பிறகு துருவி.

இப்போது எங்கள் கணக்கு ஒரு கரண்டி அரிசி, இரண்டு கரண்டி காலிஃப்ளவர். அரிசி தனியாக ஓரத்தில் இருக்கவேண்டும். அதில்தான் ரசம் ஊற்றிக்கொள்வாள், கடைசியில் சாப்பிடுவாள்.

ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் நெல் விளையும் அர்கன்சாஸ், லூசியானா மாநிலங்கள் 2019இல் சட்டமே போட்டன. நெல்லிலிருந்து வராததை ‘ரைஸ்’ என்று பெயரிட்டு விற்கக்கூடாதாம், காலிஃப்ளவர் ரைஸ் உட்பட. நம் ஊரில் அந்தச் சட்டம் வந்தால் சாமையரிசி, தினையரிசி, மூங்கிலரிசி எல்லாவற்றையும் கடையிலிருந்து தூக்கவேண்டும். மரவள்ளிக் கிழங்கு மாவை உருட்டிச் சேலத்தில் செய்யும் ஜவ்வரிசியை என்ன செய்வது?

அம்மாவிடம் இதைச் சொன்னேன். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “எதுவா இருந்தாலும் உலையில வெந்து தட்டுல விழுந்தா சோறுதான். ஆனா நெல்லுச்சோறு நெல்லுச்சோறுதான்.”

உங்கள் ஊரில் அரிசிச் சோற்றுக்குத் தனிப் பெயர் இருந்ததா? தெரிந்தவர்கள், குறிப்பாக ராமநாதபுரம், தர்மபுரிப் பக்கத்து நண்பர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.