வாரின் இறுக்கமும் நெசவாளியின் கூலியும்

காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854-இல் பம்பாயில் நிறுவிய பஞ்சாலை, 1856-இல் நூற்கத் தொடங்கியது. அதற்குப் பிந்தைய பம்பாய் ஆலைகளின் வரலாறு பெரும்பாலும் மூலதனம், சந்தை, வேலைநிறுத்தம் ஆகியவற்றின் வழியே எழுதப்பட்டுள்ளது. எந்திரத்தையும் தறியையும் பிணைத்திருந்த தோல்வார் அதில் அரிதாகவே இடம்பெறுகிறது. தொழிலாளியின் கூலியும் கையும் அந்த வாரின் இறுக்கத்தைச் சார்ந்திருந்தன.

மின்மோட்டார் வருவதற்கு முன், ஆலை முழுவதற்கும் ஆற்றல் தந்தது ஒரு நீராவி எந்திரமே. அதன் சுழற்சி மேற்கூரையை ஒட்டி ஓடிய நீண்ட தண்டுகளுக்குச் சென்றது. அத்தண்டுகளின் கப்பிகளிலிருந்து தோல்வார்கள் ஒவ்வொரு தறிக்கும் இறங்கின. தறியில் இரு கப்பிகள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று அச்சோடு பிணைந்தது; மற்றது வெறுமனே சுழல்வது. வாரைப் பக்கவாட்டில் நகர்த்தித் தறியை ஓட்டவும் நிறுத்தவும் செய்தனர்.

வார் கப்பியை இழுப்பது உராய்வினால். இறுகிய பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் உள்ள இழுவிசை வேறுபாடே ஆற்றலைக் கடத்துகிறது. வழுக்காமல் அந்த வேறுபாடு எவ்வளவு உயரலாம் என்பதை உராய்வும், கப்பியை வார் தழுவும் கோணமும் தீர்மானிக்கும் என்பது ஆய்லரின் காலத்திலிருந்தே அறியப்பட்ட உண்மை. கிடைநிலை வாரில் தளர்ந்த பக்கத்தை மேலே வைக்கும் வழக்கத்துக்கும் இதுவே காரணம். மேற்பக்கம் தொய்ந்தால் தழுவும் கோணம் கூடும்.

வார் தளர்ந்தால் வழுக்கும். தறியின் வேகம் குறையும். மிகைப்பட இறுக்கினால் தாங்கிகள் சூடேறும், தண்டு வளையும், நிலக்கரி வீணாகும், வாரும் விரைவில் அறும். தோலோ நிலையான பொருளன்று. ஈரம் பட்டால் நீளும், உலர்ந்தால் சுருங்கும். எனவே மழைக்காலத்தில் சரியாக வைத்த இறுக்கம் கோடையில் மிகையாகிவிடும். பட்டறைகளில் இறுக்கத்தைச் சோதித்தது பெரும்பாலும் பழகிய கையே. அமெரிக்கப் பொறியாளர் எஃப். டபிள்யூ. டெய்லர் 1893-இல் வெளியிட்ட வார்கள் பற்றிய கட்டுரை அப்பழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. வில்தராசு பொருத்திய இடுக்கியால் இழுவிசையை அளந்து, குறித்த காலத்துக்கு ஒருமுறை அதனைச் சரிசெய்ய வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

பம்பாய் நெசவாளிக்கு இது ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. அவரது கூலி நெய்த துணியின் அளவுக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டது. வார் வழுக்கிய ஒவ்வொரு நிமிடமும் அவர் கூலியிலேயே கழிந்தது. வாரைச் சரிசெய்யத் தண்டை நிறுத்தினாலோ, அத்தண்டில் ஓடும் அத்தனை தறிகளும் நின்றுவிடும். ஆகவே ஓடும் வாரைக் கையால் தொடும் ஆசை, ஆலையின் அமைப்பிலேயே ஊன்றியிருந்தது.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. ஆபத்தான எந்திரங்களுக்கு வேலியிடுவதை அது வேண்டியது. ஏழு வயது நிரம்பாத குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. சுதந்திர இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வாரைப் பற்றிய விதிகளை விரிவாகக் காண்கிறோம். அதன் 22-ஆம் பிரிவின்படி, ஓடும் வாரைக் கையாள்பவர் தனிப்பயிற்சி பெற்ற வயதுவந்த ஆணாக இருக்க வேண்டியிருந்தது. உடலை ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டியிருந்தது. வாரின் அகலம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. இணைப்பு, வாரின் பரப்போடு சமமாகவோ தைத்துக் கோத்ததாகவோ இருக்க வேண்டியிருந்தது. காலுக்கு உறுதியான பிடிமானம் வேண்டியிருந்தது. ஏணியைக் கட்டிவைக்க வேண்டியிருந்தது, இல்லையேல் மற்றொருவர் பிடித்திருக்க வேண்டியிருந்தது. பயன்படாத வார் ஓடும் தண்டின்மீது கிடக்கக்கூடாது என்றது 24-ஆம் பிரிவு.

இவ்விதிகளைத் தொகுத்துப் படித்தால் ஒரு விபத்தின் படிநிலைகள் தெரியும்: தொங்கும் வேட்டி நுனி, புடைத்த இணைப்பில் சிக்கும் விரல், நழுவும் ஏணி. தறிதோறும் மோட்டார் வந்தபின் கூரைத் தண்டுகள் மறைந்தன. பழைய கூடத்தில் அவ்வேலை எப்படி நடந்தது என்பதற்கு, ஏணியைப் பிடித்து நிற்க வேண்டிய அந்த இரண்டாவது ஆளைக் குறிப்பிடும் சட்டவரியும் ஒரு சான்று.