போலி என்றவர்களும் அசல் என்றவர்களும்

மின்னணு இசையில் வன்பொருளா, மென்பொருளா, எது 'உண்மையான' இசை என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வரலாறு கேட்பது வேறு கேள்வி: கருவி யார் கைக்கு எட்டியது?

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் டிஆர்-808 தாள இயந்திரத்தையும், 1981இல் டிபி-303 பேஸ் இயந்திரத்தையும் கொண்டுவந்தது. 'அசல் வாத்தியம்போல இல்லை' என்று பலர் ஒதுக்கினார்கள். சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. அவை பழைய பொருளாக மலிந்தபோது, சிகாகோ, டெட்ராய்ட் நகரங்களின் கறுப்பின இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஹவுஸும் டெக்னோவும் வளர்ந்தன. 303இன் குமிழ்களைத் திருகித் திருகி உருவாக்கிய 'ஆசிட் டிராக்ஸ்' இசைத்தட்டை ஃபியூச்சர் குழு 1987இல் வெளியிட்டது.

இன்று ஒரு பழைய 808 பல ஆயிரம் டாலர். எளியவருக்கு எட்டுவது கணினிதான். வட கரோலினாவின் கறுப்பின இசைஞர் நைன்த் வொண்டர், ஃப்ரூட்டி லூப்ஸ் மென்பொருளில் இசையமைக்க, லிட்டில் பிரதர் குழுவின் 'தி லிஸனிங்' 2003இல் வந்தது.

அன்று 808ஐப் 'போலி' என்றார்கள். இன்று அதையே 'அசல்' என்று சொல்லி மென்பொருளைப் பழிக்கிறார்கள். தோழர்களே, தூய்மை பேசும் அளவுகோல் யாரை வெளியே நிறுத்துகிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் இருப்பதைக் கொண்டு இசையமையுங்கள்.