ஊதா போனால் மருந்தா?

நெல்லிக்காய் ஜூஸ் பாட்டில், முருங்கை இலைப் பொடி, கிரீன் டீ டப்பா, எதை எடுத்தாலும் 'ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது'ன்னு போட்டிருக்கு. அதை யார் அளந்தாங்க, எதை வச்சு அளந்தாங்க? இன்னிக்கு அந்தக் கதைதான்.

1922-ல் கோல்ட்ஷ்மிட், ரென் என்ற இரண்டு வேதியியலாளர்கள் டி.பி.பி.எச். என்ற பொருளைப் பற்றி எழுதினார்கள். இது ஒரு ஃப்ரீ ரேடிகல், அதாவது ஜோடி இல்லாத ஒத்தை எலக்ட்ரானோட இருக்கும் மூலக்கூறு. இந்த வகை மூலக்கூறுகள் பொதுவா கண் இமைக்கிறதுக்குள்ள வேற எதையாவது பிடிச்சுக்கும். இது மட்டும் சமர்த்தா பாட்டிலுக்குள்ளேயே இருக்கும். கரைச்சா அடர் ஊதா.

1958-ல் மார்ஸ்டன் பிளாய்ஸ் 'நேச்சர்' இதழில் ஒரு குட்டிக் கட்டுரை போட்டார். ஊதாக் கரைசல்ல ஆன்டிஆக்சிடன்ட் சேர்த்தா, ரேடிகல் அதுகிட்டருந்து ஹைட்ரஜனை வாங்கிக்கும், நிறம் வெளிர் மஞ்சளாகும். 517 நானோமீட்டர் ஒளியில் எவ்வளவு ஊதா குறைஞ்சதுன்னு பார்த்தா போதும். அவர் சோதிச்சது மூலிகையை இல்லை, சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை!

மூலிகைக்கு இது வந்ததுக்குக் காரணம், என் கணக்குல, செலவுதான். இலையைக் காயவச்சு, பொடிச்சு, மெத்தனால்ல ஊறவச்சு, வடிகட்டி, ஊதாவோட கலந்து அரை மணி நேரம் இருட்டுல வைக்கணும். ஒரு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இருந்தா எந்தக் கல்லூரி லேபிலும் முடியும். பாதி ரேடிகலைத் தீர்க்க எவ்வளவு சாறு வேணுமோ அதுதான் ஐ.சி.50. எண் சின்னதா இருந்தா சாறு வலுவானது. நிறைய பேர் இதைத் தலைகீழா படிப்பாங்க. இன்னொரு சிக்கல், சாறுக்கே நிறம் உண்டு. அதைத் தனியா அளந்து கழிக்கலைன்னா கணக்கு உதைக்கும்.

ஆனா டி.பி.பி.எச். நம்ம உடம்புல கிடையாது, நம்ம உடம்பு மெத்தனால் கரைசலும் இல்லை. குடிச்ச சாறு குடலையும் கல்லீரலையும் தாண்டும்போதே வேற பொருளா மாறலாம். யூனிட் டெஸ்ட் பாஸ் ஆச்சுன்னு யாராவது அப்படியே ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்புவாங்களா?

மனுஷங்க மேலயும் பார்த்தாங்க, மூலிகைச் சாறு இல்லை, மாத்திரை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 1994-ல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல்.

ஓ.ஆர்.ஏ.சி. என்ற இன்னொரு சோதனைக்குழாய் முறையை வச்சு அமெரிக்க வேளாண் துறை உணவுகளுக்கு ஒரு பட்டியலே போட்டிருந்தது. கம்பெனிகள் அந்த எண்களை விளம்பரத்துக்குத் தவறா பயன்படுத்துறாங்க, உடம்புல நடக்கிறதை அவை காட்டலைன்னு சொல்லி 2012-ல் அதைத் தளத்திலிருந்தே எடுத்துட்டாங்க.