அம்பிரிட்ஜ்: ஆலை ஈன்ற ஊர்ப்பெயர்

ஊர்ப்பெயரை ஆறோ மரமோ தெய்வமோ ஈன்றிருக்கும் என்றே பழகிய நமக்கு, பென்சில்வேனியாவில் ஒகையோ ஆற்றங்கரையிலுள்ள அம்பிரிட்ஜ் என்னும் சிறு பேரூர் புதுமையாகப் படும். அதற்குப் பெயர் தந்தது ஓர் ஆலை. 1900-இல் தோன்றிய 'அமெரிக்கன் பிரிட்ஜ்' நிறுவனம் இங்கே நிலம் வாங்கி, பாலங்களுக்கான எஃகுறுப்புகளைச் செய்யத் தொடங்க, தொழிலாளர் குடியேறிய ஊர் 1905-இல் பேரூராயிற்று.

தஞ்சாவூர் தஞ்சையானது நாவில் தேய்ந்த மரூஉ. அம்பிரிட்ஜோ வெட்டி ஒட்டிய சொல். வெசுபூச்சி என்ற இத்தாலியக் கடலோடியின் முதற்பெயரான அமெரிகோவை 1507-இல் ஒரு நிலப்படம் புதிய கண்டத்துக்குச் சூட்ட, அக்கண்டத்தின் பெயரை நிறுவனம் எடுத்துக்கொள்ள, அதிலிருந்து நறுக்கிய 'அம்' மட்டும் இந்த ஆற்றங்கரையில் வந்து தங்கிற்று. ஒலியைப் பாருங்கள்: தனித்து எழுதினால் நம் நாவில் வல்லென்று நிற்கும் 'பிரிட்ஜ்', மகர ஒற்றின் பின்னே வந்ததும் தானே மெலிந்து, அயலார் ஒலிப்புக்கு இணங்கிவிடுகிறது, தனியெழுத்து எதுவும் நமக்குத் தேவைப்படவில்லை. தமிழில் 'அம்' அழகையும் நீரையும் குறிப்பது ஆற்றோரப் பாலத்துக்கு எத்துணை பொருந்தினாலும் அது தற்செயலே. ஒலியொப்புமையைப் பிடித்துக்கொண்டு வேர் தோண்டும் நம்மவர் ஆர்வத்துக்கு நான் உடன்படேன்.

இப்பெயருக்கு அடியில் இன்னொரு பெயர் கிடக்கிறது. சியார்சு ராப் தலைமையில் வந்த செருமானியச் சமயக்குழுவினர் 1824-இல் இங்கே அமைத்த ஊர் 'எக்கானமி'. கிரேக்கத்தில் 'ஒய்கோசு' இல்லம். அதனோடு ஆளுகையைக் குறிக்கும் சொல் சேர்ந்து இல்லாளுகை ஆகி, கிறித்தவ இறையியலில் இறைவன் உலகை நடத்தும் ஒழுங்கென விரிந்து, பிற்காலத்தில் நாட்டின் பொருளாட்சியாயிற்று. அக்குழுவினரோ பருத்தியும் கம்பளியும் பட்டும் நெய்து செல்வம் குவித்த துறவியர். மணவாழ்வை விலக்கியவர்கள் தம் ஊருக்கு இல்லத்தை வேராகக் கொண்ட பெயரை இட்ட முரண் எனக்குத் தித்திக்கிறது. மகப்பேறில்லாமல் குழு சுருங்கிய பின்னரே அவர்கள் நிலம் பாலக்காரர் கைக்குப் போயிற்று.

இரண்டாம் உலகப்போரில் கப்பலும் கட்டிய அந்த ஆலை 1980-களில் மூடப்பட்டது. நிறுவனம் அப்பெயரோடே வேறூரில் இயங்குகிறது. 'எக்கானமி' பக்கத்து ஊரொன்றின் பெயராகவும், துறவியரின் பழைய வீடுகளைக் காக்கும் அருங்காட்சியகத்தின் பெயரிலும் வாழ்கிறது. அம்பிரிட்ஜின் பள்ளி ஆட்டக்காரர்களுக்கோ இன்னும் 'பிரிட்ஜர்' என்றே பெயர். பாலத்தொழிலை அறியாத பிள்ளைகளுக்கும் அதுவே குலப்பெயர்.